நால்வர், நான்கு பைகள், 18 இரவுகள்: பாங்காக்கிலிருந்து கோலாலம்பூர் வரை கடலோரப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லந்தா தீவின் படகுத்துறையில் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். அதில் இரண்டு பேருக்குள் பேச்சு இல்லை. சண்டையின் வேர் தாய்லாந்துப் பணத்தில் 400 பாட். பி பி தீவுகளின் கடல் பூங்காவுக்குள் போக வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 400 பாட் கட்ட வேண்டும். அன்று படகில் சில்லறை இருந்த ஒருவனே ஐந்து பேருக்கும் கட்டினான். யாரும் திருப்பித் தரவில்லை, அவனும் வாய் திறந்து கேட்கவில்லை. மூன்றாம் நாள் எந்த ரூமில் தங்குவது என்ற சாதாரணப் பேச்சு நடந்தபோது அது வெடித்தது.

இரண்டு வருடம் கழித்து அதே வழியில் மறுபடி போனோம். இந்த முறை நான்கு பேர். கிளம்பும் முன்பே சில விஷயங்களை உட்கார்ந்து பேசி முடித்திருந்தோம். சண்டையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்த சண்டை எதுவும் மறுநாள் காலையைத் தாண்டவில்லை. அந்த வழியையும், அந்தப் பேச்சுகளையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். படகு எங்கே ஏறுவது, விசா எப்படி என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். நண்பர்களோடு போகும்போது பயணத்தைக் காப்பாற்றுவது கிளம்பும் முன் நடக்கும் பேச்சு.

முதல் படி: ஆட்களை முடிவு செய்யுங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம்

என் கணக்கில் நான்குதான் சரியான எண். ஒரு வாடகைக் காரில் நான்கு பேர் ஏறலாம். ஐந்தாவது ஆள் வந்தால் இரண்டு கார். ஹாஸ்டல்களில் நான்கு படுக்கை கொண்ட டார்ம் சாதாரணமாகக் கிடைக்கும், எடுத்தால் அறை முழுக்க உங்களுடையது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒருவர் துணைக்கு இருக்க, மீதி இருவர் ஊரைப் பார்க்கலாம். மூன்று பேர் என்றால் எப்போதும் ஒருவர் தனித்து விடப்படுவார். ஆறு பேர் என்றால் காலைச் சாப்பாட்டை முடிவு செய்யவே மதியமாகிவிடும்.

ஆட்கள் உறுதியான பிறகு நேரில் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு சரிப்படாது, முகம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஒருநாள் செலவுக்கு உன்னால் எவ்வளவு முடியும்? நான்கு பதில்களில் மிகக் குறைவானது எதுவோ, தங்குமிடமும் போக்குவரத்தும் அந்தக் கணக்கில்தான் நடக்க வேண்டும். கையில் அதிகம் உள்ளவர் ஸ்கூபா, நல்ல சாப்பாடு என்று தனியாகச் செலவு செய்துகொள்ளட்டும். இதை மாற்றிச் செய்தால், பணம் குறைவான நண்பர் ஒவ்வொரு நாளும் மனசுக்குள் கூச்சத்தோடு நடப்பார்.

குடிப்பீர்களா, குடித்தால் அந்தச் செலவு யாருடையது? குடிப்பவர்களுடையது மட்டுமே. பொதுப் பணத்தில் ஒரு பீர்கூட வரக்கூடாது.

காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்? சிரிப்பு வரும், ஆனால் ஐந்து மணிக்குச் சூரிய உதயம் பார்க்க விரும்புபவரும் பதினொன்று வரை தூங்குபவரும் ஒரே அறையில் இருந்தால் நான்காம் நாள் தெரியும்.

தனியாகப் போக வேண்டும் என்று தோன்றினால்? இதுதான் முக்கியம். ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது அரை நாள், யாரும் யாரிடமும் காரணம் கேட்காமல் பிரிந்து போகலாம் என்று முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இரண்டாம் படி: மழையைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

தாய்லாந்துக்கு இரண்டு கடற்கரைகள், இரண்டு மழைக்காலங்கள். மேற்கே அந்தமான் கடல் பக்கம் புக்கெட், கிராபி, பி பி, லந்தா, லிபே. அங்கே தென்மேற்குப் பருவமழை மே முதல் அக்டோபர் வரை. கடல் கொந்தளிக்கும், சிறு தீவுகளில் பாதிக் கடைகள் மூடியிருக்கும், பல படகுகள் ஓடாது. கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் கோ தாவ், கோ பங்ஙான், கோ சாமுய். அங்கே கனமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

ஆகவே நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை போகிறீர்கள் என்றால் மேற்குக் கரை. ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை என்றால் கிழக்குக் கரை: பாங்காக்கிலிருந்து ரயிலில் சும்போன், அங்கிருந்து படகில் கோ தாவ், பங்ஙான், சாமுய், பிறகு சூராத் தானி வழியாக மலேசியா. அதே மாதங்களில் மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான் தீவுகளும் தெளிவான கடலோடு இருக்கும்; நவம்பர் வந்தால் அங்கே விடுதிகள் பெரும்பாலும் அடைத்துவிடுவார்கள்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், தாய் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் விளையாட்டு. பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் ரயில், பஸ் டிக்கெட் வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பி பி தீவுகளில் உள்ள மாயா பே கடற்கரை ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படுகிறது. சுற்றுலாக் கூட்டத்தால் அங்கே பவளப்பாறைகள் அழிந்துபோனதால் 2018-ல் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள்.

இந்த வழிகாட்டி நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்குமான மேற்குக் கரை வழி. இரவுக் கணக்கு: பாங்காக் 3, ரயிலில் 1, ராய்லே 2, பி பி 1, லந்தா 3, லிபே 2, லங்காவி 1, பினாங்கு 3, கோலாலம்பூர் 2. மொத்தம் 18. உங்களிடம் 14 இரவுதான் என்றால் பி பி, லிபே, லங்காவி மூன்றையும் விட்டுவிடுங்கள். எல்லா ஊரிலும் ஒரு நாளைக் குறைத்து எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால், பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையில் நிற்பதுதான் நினைவில் மிஞ்சும்.

மூன்றாம் படி: காகிதங்கள்

நுழையும் நாளிலிருந்து பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். விசா விதி உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, அடிக்கடி மாறுவது. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள். தாய்லாந்து 2025 மே 1 முதல் ஆன்லைன் வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மலேசியாவுக்கும் அதேபோல ஒன்று உண்டு. இரண்டையும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், இரண்டுமே இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. லிபே தீவில் இணையம் மந்தமாக இருக்கலாம், அதனால் மலேசிய அட்டையை லந்தாவிலேயே நிரப்பிவிடுங்கள்.

திரும்பும் டிக்கெட்டைக் குடிவரவு அதிகாரி கேட்கலாம். பாங்காக்கில் இறங்கிக் கோலாலம்பூரிலிருந்து கிளம்புகிறவர்கள் அந்த டிக்கெட்டின் நகலைக் கையில் வைத்திருங்கள். நால்வரின் பாஸ்போர்ட் படமும் நால்வரின் போனிலும் இருக்கட்டும்.

மின் சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம், பையிலேயே இருக்கக்கூடாது. போதைப்பொருள் விஷயத்தில் இந்தப் பகுதி நாடுகளுக்கு இரக்கம் கிடையாது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றிலும் கடத்தலுக்கு மரண தண்டனை வரை சட்டத்தில் இருக்கிறது. தாய்லாந்தில் கஞ்சா விற்கும் கடைகளைப் பார்த்துவிட்டு எதையாவது எல்லை தாண்டி எடுத்துப் போனால் நண்பர்கள் யாரும் காப்பாற்ற முடியாது. தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

பயண இன்ஷூரன்ஸ் எடுங்கள். எடுக்கும்போது ஸ்கூட்டர், ஸ்கூபா இரண்டும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கை விரிப்பார்கள்.

நான்காம் படி: பொதுப் பை

எங்கள் முறை இது. ஒவ்வொரு நாட்டில் நுழைந்ததும் நால்வரும் சம தொகையைப் பணமாகப் போட்டு ஒரு சிறிய பையில் வைப்போம். தாய்லாந்தில் ஆளுக்கு 3,000 பாட்டில் தொடங்கினோம். ரூம், படகு, கார், பூங்காக் கட்டணம், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு, குடிதண்ணீர் ஆகியவை அதிலிருந்து. தீர்ந்ததும் மறுபடி சம தொகை. இப்படிச் செய்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சே எழாது, ஏனென்றால் கடன் என்ற ஒன்றே உருவாகவில்லை.

பையை வைத்திருப்பவர் தாய்லாந்தில் ஒருவர், மலேசியாவில் இன்னொருவர். ஒரே ஆள் 18 நாளும் கணக்கு பார்த்தால் அவருக்குப் பயணமே இருக்காது. ஆன்லைனில் முன்கூட்டியே கட்டும் ரயில், ஹாஸ்டல் செலவுகளுக்கு மட்டும் ஸ்ப்ளிட்வைஸ் போன்ற ஆப்பில் அன்றன்றே பதியுங்கள். இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் போதும்.

தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிக்கின்றன. அதனால் நான்கு பேரும் தனித்தனியாக எடுக்காமல், ஒருவர் பெரிய தொகையாக எடுத்துப் பகிர்ந்துகொள்வது லாபம். இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர்ப் பணத்திலேயே எடுங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்குப் பாதகம்தான். பல இயந்திரங்களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகு. பணத்தை எண்ணிக்கொண்டே நடந்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பை

40 லிட்டர் முதுகுப்பை, அதற்கு மேல் வேண்டாம். ஏர் ஏசியா போன்ற மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோக 7 கிலோதான். நான்கு மேல்சட்டை, இரண்டு அரைக்கால் சட்டை, முழங்கால் மறைக்கும் ஒரு முழு உடை (கோயில்களுக்கு), ஒரு மெல்லிய துண்டு, செருப்பு, ஒரு ஷூ. கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தண்ணீர் புகாத ஒரு ட்ரை பேக் கட்டாயம் வேண்டும். லிபேயிலும் ராய்லேயிலும் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் கரை ஏறுவீர்கள். பவர் பேங்க் கையில் வைக்கும் பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பையில் கூடாது. மருந்துப்பெட்டி நால்வருக்கும் ஒன்று போதும்: ஓஆர்எஸ், பாராசிட்டமால், காயத்துக்கு மருந்து, கொசு விரட்டி, படகில் வாந்தி வராமல் இருக்க மாத்திரை.

ஆறாம் படி: வழி

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமி, டான் மியூவாங். ஊரின் இரு வேறு மூலைகளில் இருக்கின்றன. நால்வரும் வேறு வேறு விமானத்தில் வருகிறீர்கள் என்றால் எது என்று சரிபாருங்கள். சுவர்ணபூமியிலிருந்து பயா தாய் நிலையம் வரை நகர ரயிலில் 45 பாட். கிராப் என்ற டாக்ஸி ஆப்பைப் பாங்காக்கிலிருந்து கோலாலம்பூர் வரை எல்லா நகரத்திலும் பயன்படுத்தலாம். தாய்லாந்தில் போல்ட் பெரும்பாலும் அதைவிட மலிவு.

காவ் சான் சாலைதான் பேக்பேக்கர்களின் பழைய பேட்டை. தூக்கம் வேண்டும் என்றால் அதன் பக்கத்துத் தெருவான ராம்புத்ரியில் தங்குங்கள், சத்தம் பாதிதான். அங்கிருந்து சாவ் பிரயா ஆற்றில் பொதுப் படகு ஏறினால் வெயிலும் நெரிசலும் இல்லாமல் அரண்மனை, வாட் போ, வாட் அருண் எல்லாம் வரிசையாக வரும். அரண்மனைக்கு 500 பாட், காலை 8:30-க்குத் திறந்து மாலை 3:30-க்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்துவார்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். வாசலுக்கு முன்னால் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்பார். மூடியிருக்காது. அவர் ஏற்றிவிடும் துக்-துக் (ஆட்டோ) நேராக ஒரு நகைக்கடைக்குத்தான் போகும். பதில் பேசாமல் நடங்கள்.

வாட் போவில் 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சயனித்திருக்கிறார். அங்கே முதல் சுற்றில் படம் எடுக்காமல் நடந்து பாருங்கள். சீலோம் பகுதியில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, உள்ளூர் மக்கள் வாட் கேக் என்பார்கள். தாய்லாந்துக்காரர்கள் வரிசையில் நின்று தேங்காயும் பூவும் வைத்துக் கும்பிடுவதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பாங்காக்கிலிருந்து கிராபிக்கு ரயில் கிடையாது. க்ருங் தெப் அபிவாட் நிலையத்திலிருந்து இரவு ரயிலில் சூராத் தானி போய், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம். சில ரயில்கள் சூராத் தானியில் நடுராத்திரி இறக்கிவிடும், அதனால் விடியலில் சேரும் வண்டியைப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் படுக்கையில் கீழ்ப் படுக்கை அகலம், ஜன்னலும் அதற்குத்தான். கொஞ்சம்தான் விலை கூடுதல். ஏசி குளிரும், போர்வை தருவார்கள் என்றாலும் முழுக்கைச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள். காவ் சானில் விற்கும் மிக மலிவான இரவு பஸ் டிக்கெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை அப்படிப் போனபோது அடியில் வைத்த பையின் ஜிப் திறந்து கிடந்தது, உள்ளே வைத்திருந்த பணம் இல்லை. எந்த வண்டியில் போனாலும் பணமும் பாஸ்போர்ட்டும் உடம்போடு இருக்கட்டும்.

ராய்லே நிலத்தோடு ஒட்டிய இடம்தான், ஆனால் சுண்ணாம்புப் பாறைகள் சுவராக நிற்பதால் படகில் மட்டுமே போக முடியும். ஆவ் நாங் கடற்கரையிலிருந்து நீள்வால் படகில் ஆளுக்குச் சுமார் 100 பாட். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். நான்கு பேர் இருக்கிறீர்கள், இன்னும் நால்வரைக் கரையில் தேடிப் பேசிச் சேர்த்துக்கொண்டால் உடனே கிளம்பலாம். கிழக்குப் பக்கம் சதுப்பு நிலம், தங்குமிடம் அங்கே மலிவு. ஐந்து நிமிடம் நடந்தால் மேற்குப் பக்கம் வெண்மணல். கயிறு கட்டிப் பாறை ஏறக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை; அரை நாள் வகுப்பு எடுங்கள், நால்வர் என்றால் இருவர் ஏற இருவர் கயிறு பிடிக்கலாம்.

பி பி தீவில் ஒரு இரவு போதும் என்பது என் தீர்ப்பு. கார் ஓடும் சாலையே கிடையாது, சந்து முழுக்கக் கடை, விடிய விடிய இசை. ஆனால் காலை ஆறு மணிக்கு மேட்டில் ஏறிப் பார்த்தால், இரண்டு வளைகுடாக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நடுவில் மெல்லிய மணல்திட்டில் ஊர் உட்கார்ந்திருக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்தத் திட்டின் மேல்தான் அடித்தது. இந்தக் கரையோரம் முழுக்க நீல நிறப் பலகைகள் மேட்டுக்குப் போகும் வழியைக் காட்டும். எந்தத் தீவில் தங்கினாலும் முதல் நாளே அந்த வழி எது என்று நால்வரும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாயா பேயில் இப்போது படகு பின்பக்கமாக நிறுத்தி நடந்து போக வேண்டும், நீந்த அனுமதி இல்லை.

லந்தா தான் இந்தப் பயணத்தின் இதயம். மூன்று இரவுக்குக் குறைக்காதீர்கள். நீளமான மேற்குக் கடற்கரைகள், கூட்டம் குறைவு, சூரியன் நேராகக் கடலில் இறங்கும். மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், அதனால் ஊருக்குள் நீச்சலுடையோடு நடக்காதீர்கள். கிழக்கே பழைய ஊரில் மரத்தூண்கள் மேல் கடலுக்குள் நீண்ட வீடுகள் இருக்கின்றன. உணவகங்களும் அப்படித்தான், காலடியில் அலை. தனியாகப் போகும் அந்த அரை நாளை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புத்தகம் படிக்கட்டும், ஒருவர் தூங்கட்டும்.

லந்தாவிலிருந்து லிபேக்கு, கடல் அமைதியான மாதங்களில் விரைவுப் படகு உண்டு. படகின் பின்பக்கம் உட்காருங்கள், முன்பக்கம் முதுகெலும்பை உலுக்கிவிடும். லிபே மிகச் சிறிய தீவு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கால் மணி நேர நடை. உரக் லவோய் என்ற கடலோடிகள் தலைமுறைகளாக வாழும் நிலம் இது. விடியலில் கிழக்குக் கரையில் முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் வைத்தாலே மீன்கள் தெரியும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள்.

எல்லையைத் தாண்டும் நாள் கவனம். தாய்லாந்தின் குடிவரவு அலுவலகம் கடற்கரையிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கி முத்திரை குத்திப் படகில் ஏற்றுவார்கள். லங்காவிக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம். மலேசிய நேரம் தாய்லாந்தை விட ஒரு மணி நேரம் முன்னால். எங்களில் ஒருவரின் கைக்கடிகாரத்தை நம்பி லங்காவியிலிருந்து கிளம்பும் அடுத்த படகைத் தவறவிட்டோம். கரை இறங்கியதும் நால்வரும் நேரத்தை மாற்றுங்கள்.

லங்காவியிலிருந்து குவாலா கெடாவுக்குப் படகு, அங்கிருந்து காரில் அலோர் ஸ்டார் ரயில் நிலையம், பிறகு கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் பட்டர்வொர்த், எதிரே கடலைத் தாண்டினால் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம்.

தீவுகளில் வெயிலும் உப்புமாகத் திரிந்த பிறகு ஜார்ஜ் டவுன் வேறொரு சந்தோஷம். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் முழுக்கக் கால்நடையாகவே பார்க்கலாம். சூலியா தெருவின் பெயரே தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனக் கோயில், தேவாலயம், குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் எல்லாம் சில நிமிட நடைக்குள். லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே விலை கேட்கலாம், தமிழிலேயே வழி கேட்கலாம். பத்து நாள் சைகையில் பேசிய பிறகு அது எவ்வளவு இதமாக இருக்கும் என்பது போனால்தான் தெரியும். நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். சோற்றின் மேல் நான்கைந்து குழம்பைக் கலந்து ஊற்றித் தருவதுதான் அதன் சிறப்பு, தனித்தனியாகக் கேட்காதீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு இடிஎஸ் என்ற விரைவு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் முன்பே டிக்கெட் எடுங்கள். நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் வாழை இலைச் சாப்பாடும் பக்கம், பத்துமலைக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலும் பக்கம். 42.7 மீட்டர் முருகன் சிலை, 272 படிகள். காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். அப்புறம் வெயிலும் கூட்டமும். கையில் சாப்பாட்டுப் பொருள் தெரிந்தால் குரங்குகள் பறிக்கும்.

ஏழாம் படி: உயிரோடு திரும்புவது

ஸ்கூட்டர்தான் இந்தப் பகுதியில் பயணிகளை அதிகம் மருத்துவமனைக்கு அனுப்புவது. நால்வரில் ஊரில் தினமும் வண்டி ஓட்டுபவர் யாரோ அவர் மட்டும் ஓட்டட்டும். பைக்குக்கான உரிமமும் அதற்கான சர்வதேச அனுமதியும் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் பணம் தராது. பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்கும் கடையில் வாடகைக்கு எடுக்காதீர்கள், பண முன்பணம் கொடுங்கள். எடுத்த நிமிடமே வண்டியைச் சுற்றிக் கீறல்களை வீடியோ எடுங்கள். கடைக்காரரும் அதில் தெரியட்டும். ஜெட் ஸ்கீக்கும் இதே விதி. எடுக்காமலே இருப்பது இன்னும் நல்லது.

கடலில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். பெட்டி ஜெல்லிமீன் கொட்டினால் வினிகரைக் குறைந்தது அரை நிமிடம் ஊற்ற வேண்டும். தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது. தாய்லாந்தின் பல கடற்கரைகளில் வினிகர் பாட்டில் வைத்த கம்பங்கள் நிற்கும், எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீந்தத் தெரியாத நண்பரைக் கிண்டல் செய்து ஆழத்துக்கு அழைக்காதீர்கள். ஸ்நார்க்கலிங் படகில் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

குடிப்பவர்களுக்கு: 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். வாளியில் கலந்து தரும் மது, இலவசமாக ஊற்றித் தரும் மது, லேபிள் இல்லாத உள்ளூர்ச் சாராயம் மூன்றையும் தொடாதீர்கள். கண் முன்னால் மூடி திறக்கும் பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு வெளியே போனால் நால்வரில் ஒருவர் குடிக்காமல் இருக்க வேண்டும், முறை வைத்து.

நாயோ குரங்கோ கடித்தால், கீறினாலும்கூட, சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடாது. ஸ்கூபா செய்தால் விமானம் ஏறுவதற்கு முன் 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். திட்டத்தில் ஸ்கூபாவைக் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

சைவம் சாப்பிடும் நண்பர் இருந்தால்

தாய்லாந்தில் "காய்கறி மட்டும்" என்று சொன்னாலும் "நாம் பிளா" என்ற மீன் சாறு விழும். அங்கே சொல்ல வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல் தொங்கும் கடைகளில் மீன் சாறும் இல்லை, முட்டையும் இல்லை. பூண்டு வெங்காயம்கூட இருக்காது. மலேசியாவில் பெலாசான் என்ற இறால் விழுது கீரைப் பொரியலில்கூட இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பினாங்கு அசாம் லக்சா முழுக்க மீன்தான்.

வேறு பக்கம் போக நினைப்பவர்களுக்கு

வியட்நாம் போனால் 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது பூஜ்யத்தை எண்ணுங்கள். 1949 ஒப்பந்தப்படி தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அங்கே ஏற்பதில்லை. ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வரும். கம்போடியாவில் டாலரே ஓடும், ஓரம் கிழிந்த டாலரை யாரும் வாங்கமாட்டார்கள். அங்கோர் நுழைவு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, மூன்று நாளுக்கானதை எடுங்கள். பாலியில் வெளிநாட்டவர் 150,000 ரூபியா வரி கட்ட வேண்டும். அங்கே மௌன நாளான ஞெப்பி அன்று, பெரும்பாலும் மார்ச்சில், விமான நிலையமே ஒரு நாள் முழுக்க மூடியிருக்கும், யாரும் தெருவில் இறங்க முடியாது.

கடைசி நாள்

கோலாலம்பூர் விமான நிலையத்திலும் இரண்டு முனையங்கள். ஏர் ஏசியா இரண்டாவதில். முந்தைய இரவே பொதுப் பையைத் திறந்து எண்ணுங்கள். ஆப்பில் பாக்கி இருப்பதை அங்கேயே அனுப்பி முடித்துவிடுங்கள், ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மிஞ்சிய ரிங்கிட்டில் நால்வரும் சேர்ந்து சாப்பிடுங்கள். எங்களுக்கு 46 ரிங்கிட் மிஞ்சியது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான்கு தோசை, நான்கு தே தாரிக் தேநீர்.

திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லி டெங்கு பரிசோதனை கேளுங்கள். வந்தவர் குழுவில் மற்ற மூவருக்கும் சொல்லட்டும்.